குதிரையும் சைக்கிளும் மோட்டாரும்: ஒரே பாட்டையில் செல்லும் முறை

பொதுப் பாட்டை ஊருணியைப் போன்றது. ஊரார் யாவருக்கும் அதில் உரிமையுண்டு; ஒருவர் அதைக் கலக்கினால் மற்ற யாவரும் துன்புறுவர். நடப்பவர், பிராணிகளை ஓட்டுபவர், குதிரை ஏறுபவர், சைக்கிள் மிதிப்பவர், மோட்டார் செலுத்துபவர் ஆகிய பலரும் ஒரே பாட்டையில் செல்லும்பொழுது, யார் யாருக்கு வழி விடுவது, எவ்வளவு விலகுவது, எவ்வளவு வேகம் தகும் என்னும் கேள்விகள் எழுகின்றன. இக்கேள்விகளுக்கு இங்கிலாந்து தேசத்தில் ஏறக்குறைய 160 ஆண்டுகளாக விடை தேடி வந்திருக்கின்றனர். அவ்வரலாற்றையும், அதனின்று பிறந்த விதிகளையும், அவற்றுள் நம் நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ள ஒரு முக்கியமான விதியையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. பாதையின் இயல்பு

இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் முதலிய பகுதிகளில், கிராமப் பாதைகள் பல அண்டையிலுள்ள நிலங்களைக் காட்டிலும் தாழ்ந்து கிடக்கின்றன. இருமருங்கிலும் மண்கரை, கரையின்மேல் அடர்ந்த புதர்வேலி. ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க அகலமுள்ள இடங்கள் அநேகம். இடையிடையே ஒதுங்குவதற்கென விரிவு செய்யப்பட்ட இடங்கள் உண்டு. வளைவுக்கு அப்பால் வருவது மோட்டாரா, குதிரையா, நடந்துவரும் மூதாட்டியா என்பதை முன்னதாக அறிய வழியில்லை.

ஆயினும், தெருவிளக்கும் வேறு அறிவிப்புப் பலகையும் இல்லாத இத்தகைய பாதைகளிற்கூட மோட்டாருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் மணிக்கு 60 மைல், அதாவது ஏறக்குறைய 96 கிலோமீட்டர் ஆகும். இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். அபாயத்தைக் கண்டு, தடையை அழுத்தி, வண்டி முற்றிலும் நிற்பதற்குச் செல்லும் தூரம், 30 மைல் வேகத்தில் 23 மீட்டர். 60 மைல் வேகத்தில் 73 மீட்டர் என்று அந்நாட்டுச் சாலை விதிநூல் கூறுகிறது. வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் மும்மடங்குக்கு மேலாகிறது. வளைவில் கண்ணுக்குத் தெரிவது 25 மீட்டரேயாயின், 60 மைல் வேகத்தில் வருபவன் தான் காணாத ஒன்றின்மேல் மோதியே தீருவான். ஆகவே, சட்டம் அனுமதிக்கும் வேகம் வேறு, தகுந்த வேகம் வேறு. கண்ணுக்குத் தெரியும் தூரத்திற்குள் வண்டியை நிறுத்தக்கூடிய வேகமே தகுந்த வேகம். ஒரே தடமுள்ள பாதையில் எதிரே வருபவரும் அசைந்துகொண்டிருப்பதால், தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிறுத்தத்தக்க வேகமே உத்தமம்.

2. பிராணியின் இயல்பு

குதிரை பெரிய உடலும் அச்ச சுபாவமும் உடையது. வனத்தில் வேட்டைப் பிராணிகளுக்கு இரையாக வாழ்ந்த இனமாதலால், ஐயம் தோன்றியவுடன் ஓடிவிடுவதே அதன் இயற்கை. அதன் கண்கள் தலையின் இருபக்கங்களிலும் அமைந்திருக்கின்றன. அதனால் சுற்றுப்புறம் ஏறக்குறைய முழுவதையும் காண வல்லது. ஆனால் நேர் பின்புறமும், முகத்திற்கு மிக அருகே நேர் முன்புறமும் அதற்குத் தெரியா. பின்னாலிருந்து ஓசையின்றி வரும் சைக்கிளும், திடீரென்று ஊதல் ஒலித்து விரையும் மோட்டாரும் அதனைத் திடுக்கிடச் செய்வதன் காரணம் இதுவே. திடுக்கிட்ட குதிரை பக்கவாட்டில் துள்ளும். சில சமயம் பாட்டையின் நடுவிற்கே வந்துவிடும். அரை டன் எடையுள்ள பிராணி மோட்டாரின்மேல் விழுந்தால் ஏறியிருப்பவர், பிராணி, மோட்டாரிலுள்ளோர் ஆகிய மூவருக்கும் உயிரபாயம் நேரலாம்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாதெனில், மனிதனுக்குச் சட்டத்தைக் கற்பிக்கலாம். பிராணியின் அச்சத்திற்குச் சட்டம் கற்பிக்க இயலாது. ஆகையால் கற்கக்கூடியவனே விட்டுக்கொடுக்க வேண்டும்.

3. சட்டம் வளர்ந்த விதம்

1865-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் பிறந்தது. நீராவியால் ஓடும் சாலை இயந்திரங்கள் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும், நகரங்களில் 2 மைலுக்கும் மேல் செல்லலாகாது என்று அது விதித்தது. இயந்திரத்திற்கு 60 கஜம் முன்னதாக ஒருவர் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும். இக்கொடிக்காரரைப் பற்றி நகைத்துப் பேசுவோர் பலர். ஆனால் அவர் வேலை கொடி பிடிப்பது மட்டுமன்று. எதிரே வரும் குதிரைக்காரர்களை எச்சரித்து, குதிரைகள் கலவரமின்றிக் கடந்து செல்ல உதவுவதும் அவர் கடமையே. மேலும், குதிரையுடன் வரும் எவரேனும் கையை உயர்த்திக் காட்டினால் இயந்திரத்தை உடனே நிறுத்த வேண்டும் என்றும் அச்சட்டம் கட்டளையிட்டது. சாமானியக் குடியானவன் ஒருவனது உயர்த்திய கைக்கு முன் நீராவி இயந்திரம் நின்றது.

1888-ஆம் ஆண்டில் சைக்கிளும் வண்டி இனத்தைச் சேர்ந்ததென்று சட்டம் செய்து, குதிரையையோ நடப்பவரையோ கடக்குமுன் மணியடித்து எச்சரிக்க வேண்டும் என விதித்தனர். 1896-இல் மோட்டாருக்கு முன் ஆள் நடக்க வேண்டிய நிபந்தனை நீங்கியது. 1903-இல் உச்ச வேகம் 20 மைலாயிற்று. வண்டிகளுக்கு எண் பலகையும் கட்டாயமாயிற்று. 1930-ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார் கார்களுக்கிருந்த வேக வரம்பை அறவே நீக்கியது. அக்காலத்தில் பிரிட்டனில் ஓடிய மோட்டார் வண்டிகள் ஏறக்குறைய 23 லட்சமே. ஆண்டுதோறும் சாலை விபத்துக்களில் மாண்டவரோ 7,000-க்கு மேற்பட்டோர். இந்நிலையில்தான் 1931-இல் ஒரு பென்னி விலையில் சாலை விதிநூல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. 1935-இல் ஊர்ப்பகுதிகளுக்கு 30 மைல் வரம்பு மீண்டும் வந்தது.

2023-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஏறக்குறைய 4 கோடி மோட்டார் வண்டிகள் இருந்தும், சாலை விபத்துக்களில் இறந்தோர் 1,624 பேர். வண்டிகளின் அமைப்பு, பாட்டைகளின் சீர்திருத்தம், வைத்திய வசதி, குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுக்கும் சட்டம் முதலிய பல காரணங்கள் இதற்குண்டு. பழக்கமும் பயிற்சியும் அவற்றுள் சேர்ந்தவையே.

4. 2022-ஆம் ஆண்டின் திருத்தம்

முன்னர் அவ்விதிநூல், குதிரையைக் கடக்கும்பொழுது அகன்றும் மெதுவாகவும் செல்லுக என்று பொதுப்பட உரைத்தது. எவ்வளவு அகலம், எவ்வளவு மெது என்பதை அவரவர் மனம்போல் பொருள் செய்துகொண்டனர். 1947-இல் நிறுவப்பட்ட பிரிட்டிஷ் குதிரைச் சங்கம், பாட்டைகளில் குதிரைகளுக்கு நேரும் விபத்துக்களை அங்கங்கே உள்ளவர்களிடமிருந்து திரட்டிப் பதிவு செய்து வருகிறது. அளவு குறிக்கும் விதி வேண்டுமென்றும் வற்புறுத்தி வந்தது. 2022 ஜனவரி 29 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில் அளவுகள் குறிக்கப்பட்டன. அவையாவன:

குதிரையைக் கடக்கும் மோட்டாரின் வேகம் 10 மைலுக்குக் குறைந்திருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 16 கிலோமீட்டர். இடைவெளி 2 மீட்டருக்குக் குறையலாகாது.

சைக்கிளை 30 மைல் வரையுள்ள வேகத்தில் கடக்கும்பொழுது இடைவெளி 1.5 மீட்டருக்குக் குறையலாகாது. வேகம் மிகுந்தால் இடைவெளியும் மிகவேண்டும்.

இவ்வளவு இடைவெளி கிடைக்காத பாதையில், கிடைக்கும் இடம் வரும்வரை பின்னாலேயே பொறுத்துச் செல்ல வேண்டும்.

இவற்றோடு, யாருடைய வண்டி பிறருக்கு மிகுந்த தீங்கு செய்ய வல்லதோ அவருக்கே மிகுந்த பொறுப்பு என்னும் தத்துவமும் எழுதிச் சேர்க்கப்பட்டது. லாரி ஓட்டுபவர் காருக்கும், கார் ஓட்டுபவர் சைக்கிளுக்கும் குதிரைக்கும், இவ்விரு வகையினரும் நடப்பவருக்கும் கவனம் செலுத்தக் கடமைப்பட்டவர்கள். எளியவர் எப்படி வேண்டுமானாலும் செல்லலாம் என்பது இதன் பொருளன்று. ஜாக்கிரதை யாவருக்கும் உரியது. விதிநூலில் அறிவுரையாக உள்ளவற்றை மீறுவது தன்னளவில் குற்றமாகாவிடினும், விபத்து நேர்ந்தால் நியாயஸ்தலத்தில் அது சாட்சியமாகக் கொள்ளப்படும்.

5. அவரவர் கடமை

மோட்டார் ஓட்டுபவர்: குதிரையைக் கண்டவுடன் வேகத்தைத் தணிக்க வேண்டும். ஊதலை ஒலிப்பதும், இயந்திரத்தை இரையச் செய்வதும் கூடா. ஏறியிருப்பவர் பெரும்பாலும் சிறுவராகவோ பழகாதவராகவோ இருக்கலாம். அவர் நிறுத்தும்படி கைகாட்டினால் நிறுத்த வேண்டும். கடந்தபின்னும் உடனே விரையாது, சற்றுத் தூரம் சென்றபின் படிப்படியாக வேகம் கூட்ட வேண்டும்.

சைக்கிள் மிதிப்பவர்: பின்னாலிருந்து வரும்பொழுது, தூரத்திலேயே மெல்ல மணியடித்தோ குரல் கொடுத்தோ வரவை உணர்த்த வேண்டும். குதிரையின் இடப்புறமாக நுழைந்து கடக்கலாகாது. இருவர் பக்கம் பக்கமாகச் செல்வதற்கு அங்கே அனுமதியுண்டு. எனினும் பின்னால் வருபவர் கடந்துபோவதற்கு அபாயமில்லாத சமயம் பார்த்து இடங்கொடுப்பது மரியாதை.

குதிரை ஏறுபவர்: இடப்புறமாகவே செல்ல வேண்டும். இருவருக்கு மேல் பக்கம் பக்கமாகச் செல்லலாகாது; ஒடுங்கிய பாதையிலும் வளைவிலும் ஒருவர்பின் ஒருவராகவே செல்ல வேண்டும். தூரத்திலேயே தெரியும் பளிச்சென்ற மேலங்கி அணிதல் நலம். இருளில் போவதைத் தவிர்த்தல் உத்தமம். போக நேர்ந்தால் விளக்கு அவசியம்.

இம்மூவருக்கும் பொதுவான கடமை ஒன்றுண்டு. வழிவிட்டவருக்கு நன்றி தெரிவிப்பதே அது. ஒரு தலையசைப்புப் போதும். அதனைப் பெற்றவர் அடுத்த குதிரைக்கும் மனமுவந்து நிற்பார்.

6. நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டிலும் இங்கிலாந்திலும் போலவே இடப்புறம் செல்வதே விதி. மற்றுமோர் ஒற்றுமையைப் பலர் அறியார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு, மோட்டார் ஓட்டுபவர் கட்டாயமாக நிறுத்த வேண்டிய சந்தர்ப்பங்களைக் கூறுகிறது. பிராணியொன்றை ஓட்டிவருபவர், அப்பிராணி அடங்காமற் போய்விட்டது என்றோ, மோட்டாரைக் கண்டு மருண்டு அடங்காமற் போகும் என்றோ அஞ்சி நிறுத்தும்படி கோரினால், மோட்டார் நிற்க வேண்டும். தேவையான நேரம் வரை அசையாதிருக்கவும் வேண்டும். குதிரை, மாட்டினம், யானை, ஒட்டகம், கழுதை, கோவேறு கழுதை, செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவற்றை இப்பிரிவு பெயர் சொல்லிக் குறிக்கிறது. 1865-இல் இங்கிலாந்துக் குடியானவன் உயர்த்திய கைக்கு இருந்த அதிகாரம், இன்று நம் ஊரில் வண்டிமாடு பூட்டிச் செல்பவருக்கும், ஆட்டுக்கிடை ஓட்டிச் செல்பவருக்கும் உண்டு. மாடும் குதிரையைப் போலவே பக்கவாட்டில் கண் அமைந்தது. பின்னாலிருந்து வரும் திடீர் ஓசைக்கு மருளுவது. எனவே மேலே கூறிய முறைகள் யாவும் மாட்டுவண்டிக்கும் பொருந்தும்.

உரிமை உண்டென்று பாட்டையின் நடுவில் மந்தையை நிறுத்திவைப்பது முறையாகாது. அச்சமுள்ள பொழுது தெளிவாகக் கை உயர்த்துவதும், அச்சம் நீங்கியவுடன் வழி விடுவதும் இவ்வுரிமையை நிலைநிறுத்தும் வழியாகும். இரவில் வண்டியின் பின்புறம் விளக்கேனும் ஒளி திருப்பும் சிவப்பு வில்லையேனும் இல்லாவிடில், கை உயர்த்தியும் பயனில்லை. காணாத கையை யாரும் மதிக்க இயலாது.

7. சங்கங்கள் செய்யத்தக்கவை

பால் சங்கத்திற்கு விடியற்காலையில் சைக்கிளில் கேன் கட்டி வருவோரும், அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிவரும் வண்டிகளும், உரம் கொணரும் லாரிகளும் ஒரே பாதையையே நாடுகின்றனர். ஆகவே இது சங்கத்தின் காரியமே. வளைவுகளில் பார்வையை மறைக்கும் சீமைக் கருவேலைப் பஞ்சாயத்தின் இசைவு பெற்று வெட்டலாம். அங்கத்தினரின் வண்டிகளுக்கும் சைக்கிள்களுக்கும் சிவப்பு வில்லைகளைச் சங்கத்தின் வாயிலாக மொத்தமாக வாங்கிக் கொடுக்கலாம். சங்கத்திற்குச் சரக்குக் கொணரும் லாரிக்காரரிடம் மாட்டுவண்டியைக் கடக்கும் முறையை எடுத்துரைக்கலாம். உயிர்ச்சேதமின்றித் தப்பிய விபத்துக்களையும் ஒரு புத்தகத்தில் இடம், நேரம், காரணம் குறித்து எழுதி வைக்கலாம். குதிரைச் சங்கத்தார் திரட்டிய பதிவுகள் அவர்கள் கோரிக்கைக்குப் பலமளித்தது போலவே, நம் கோரிக்கைக்கும் அப்புத்தகம் பலமளிக்கும்.

பதறாத காரியம் சிதறாது என்பது முதுமொழி. குதிரைக்கோ மாட்டுக்கோ நின்று செல்வதால் மோட்டார்க்காரருக்குக் கழியும் காலம் பெரும்பாலும் ஒரு நிமிஷம். நில்லாமையால் இழக்கப்படும் உயிர் மீளாது.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய கேள்விகள்

(1) நம் ஊர்ப் பாதையில் எதிரே வருவது தெரியாத வளைவுகள் எத்தனை? அவற்றில் எத்தனை மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது?

(2) 2 மீட்டர் இடைவெளியுடன் மாட்டுவண்டியைக் கடக்க இயலாத பகுதிகள் யாவை? அங்கே ஒதுங்குமிடம் அமைக்க இடமுண்டா?

(3) 132-ஆம் பிரிவின்படி தமக்குள்ள உரிமையை அங்கத்தினருள் எத்தனை பேர் அறிவர்? அறியாதவருக்கு யார், எப்பொழுது எடுத்துச் சொல்வது?

(4) நம் அங்கத்தினரின் வண்டிகளுள் இரவில் பின்புறம் விளக்கோ வில்லையோ இல்லாதவை எத்தனை?