சமூகக்கல்வியைத் திட்டமிட்டுக் கற்பித்தல்

பயிற்றப்பட்ட தமிழாசிரியனாகிய எனக்கு, ஆசிரியர் பற்றாக்குறை காரணமாகச் சில ஆண்டுகள் சமூகக்கல்வியையும் கற்பிக்க நேர்ந்தது. முதலாண்டில் ஒருநாள், மகாவலி கங்கையின் நீளம் யாதென வகுப்பில் வினவினேன். "335 கிலோமீற்றர்" என ஒரே குரலில் விடை வந்தது. மகிழ்ச்சி மேலிட, "வெள்ளவத்தை எல்லையில், காலி வீதிப் பாலத்தின் கீழ் ஓடும் வாய்க்கால் எதற்காக உள்ளது?" என்று கேட்டேன். வகுப்பு மௌனமாயிற்று. அப்பாலத்தை நாள்தோறும் கடந்து வரும் மாணவர் அவருட் பலர். குறை அவர்களுடையதன்று, யான் வகுத்த பாடக்குறிப்பினுடையதே என அன்று உணர்ந்தேன்.

இலங்கையில் 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்போது வரலாறு, புவியியல், குடியியல் ஆகியன இடைநிலை வகுப்புகளிற் சமூகக்கல்வி என ஒன்றாக்கப்பட்டன. மாணவன் வாழும் சமூகத்தை அவன் முழுமையாக நோக்குதல் வேண்டும் என்பதே அதன் கருத்து. 2007 ஆம் ஆண்டளவில் வரலாறு மீண்டும் தனிப்பாடமாயிற்று. பாடங்கள் பிரிந்தாலென்ன, வாழ்க்கை பிரிந்துவிடுமோ? ஆதலின், எப்பெயராற் கற்பிப்பினும் அந்நோக்கு நமக்கு இன்றியமையாததாகும்.

திட்டமிடுதல் என்றவுடன், தவணைக்கு இத்தனை அத்தியாயம், வாரத்துக்கு இத்தனை பக்கம் என வகுப்பதே நம் வழக்கம். அது பக்கக் கணக்கேயன்றிக் கற்பித்தற் றிட்டமன்று. திட்டம் ஒரு வினாவிலிருந்து தொடங்குதல் வேண்டும். "நம் அயலில் வாழ்வோர் எங்கிருந்து, எதற்காக வந்தனர்?" என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். இதனை நான்கு பாடவேளைகளில் யான் கற்பித்த முறையை ஈண்டுக் கூறுவேன்.

முதற் பாடவேளையில் ஒவ்வொரு மாணவனும் வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியைப் படமாக வரைந்தான். கடற்கரை, புகையிரதப் பாதை, காலி வீதி, சந்தை, வாய்க்கால் யாவும் அதில் இடம்பெற்றன. மழைநீரை உள்நிலத்திலிருந்து கடலுக்குக் கொண்டுசெல்லவே வாய்க்கால் என்பதை அவர்களே கண்டுகொண்டனர். ஊர்ப்பெயர்களையும் ஆராய்ந்தோம். 'வத்தை' என்பது சிங்களத்தில் தோட்டம். கொட்டாஞ்சேனையின் 'சேனை' காடு வெட்டிச் சுட்டுப் பயிரிடும் நிலம். மாடிவீடுகள் நிறைந்த இடங்களின் பழைய நிலப்பயன் பெயரிலேயே பதிந்திருப்பதறிந்து அவர்கள் வியந்தனர்.

இரண்டாம் பாடவேளை வெள்ளவத்தை நூற்றல் நெசவு ஆலையைப் பற்றியது. 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தின்போது கூலி குறைக்கப்பட்டது. 1933 இல் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவருள் மலையாளத் தொழிலாளர் பலர். அவர்களுக்குத் துணைநின்ற கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர், 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோருட் சிலராயினர். உலகச் செய்தி ஒன்று நம் தெருவின் கூலிப்பையை எவ்வாறு தொட்டது என்பதை இதனின் எளிதாக விளக்கும் உதாரணம் யானறியேன்.

மூன்றாம் பாடவேளையிற் கொட்டாஞ்சேனைக்குச் சென்றோம். சிவன் கோயிலும் தேவாலயமும் விகாரையும் பள்ளிவாசலும் நடந்துசெல்லும் தூரத்தில் அமைந்த பகுதி அது. அங்கே 1883 ஆம் ஆண்டு மார்ச் 25 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, பௌத்த ஊர்வலமொன்று தாக்கப்பட்டுக் கலகம் மூண்டது. கத்தோலிக்கரின் சமயத்தை இழிவுசெய்யும் உருவங்கள் ஊர்வலத்தில் எடுத்துவரப்படுகின்றன என்ற வதந்தியே மக்களைக் கிளர்ந்தெழச் செய்தது. "வதந்தியைக் கேட்டவன் அன்று என்ன செய்திருக்க வேண்டும்?" என்பதே அன்றைய வினா. மாணவர் கரும்பலகையில் 'கண்டது', 'கேட்டது', 'எழுதப்பட்டது' என மூன்று நிரல்கள் வரைந்து, ஒவ்வொரு செய்தியையும் உரிய நிரலில் இட்டனர். கேட்டதன் நிரலே நீண்டது.

நான்காம் பாடவேளைக்கு, வீட்டு முதியோரிடம் அவர்கள் கொழும்புக்கு வந்த கதையைக் கேட்டுவரப் பணித்தேன். யாழ்ப்பாணம், மலையகம், மட்டக்களப்பு, தமிழகம் எனப் பல ஊர்கள் வகுப்பறைக்குள் வந்தன. ஒரு மாணவன் மட்டும் வெற்றுத் தாளைக் கொண்டுவந்தான். "ஆச்சி 1983 என்று தொடங்கினா, சேர். பிறகு அழுதுபோட்டா. நான் கேக்கேல்லை" என்றான். யான் அவனை மேலுங் கேட்கவில்லை. "நீ செய்தது சரி, தம்பி" என்று கூறி, அத்தாளையும் ஏனையவற்றோடு சுவரில் ஒட்டினேன்.

ஆசிரிய அன்பர்களே, இத்தகைய மௌனம் நம் வகுப்புகள் பலவற்றில் உண்டு. 1958, 1983 ஆகிய ஆண்டுகளை விலக்கிச் சென்றால் மாணவன் அவற்றைத் தெருப்பேச்சிலிருந்து கற்பான். ஆயத்தமின்றித் தொட்டால் புண் கீறப்படும். ஆதலின், தொலைவிலுள்ள 1883 இற் சான்றுகளை நிறுக்கப் பழக்கிய பின்னரே அண்மைத் துயரங்களை அணுகுதல் நன்று. அப்போது அவன் தன் குடும்பத்தின் துன்பத்தை மறுக்காமலும், இன்னொரு சமூகம் முழுவதையும் குற்றவாளியாக்காமலும் நோக்கக் கற்பான். அன்று தமிழ்க் குடும்பங்களை மறைத்துக் காத்த சிங்கள, முஸ்லிம் அயலவரின் கதைகளும் அச்சுவரில் இடம்பெறுதல் வேண்டும், அவையும் சான்றுகளே.

பரீட்சைக்கு நேரம் போதாதே என்பர் சிலர். நான்கு பாடவேளைகளிற் படம் வரைந்து, வினவி, சான்று நிறுத்த மாணவன், அதன்பின் பாடநூலை விரைந்து கற்பதை யான் கண்டுள்ளேன். கற்கும் காரணத்தை அவன் அறிந்துவிட்டான் அன்றோ?

விழாக் கொண்டாடும் நம் கல்லூரியின் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் நடந்த வீதிகளையும் கண்ட நிகழ்ச்சிகளையும் எழுதித் தாருங்கள். வருங்கால வகுப்புகளுக்கு அவையே சிறந்த பாடநூல். 'எழுதப்பட்டது' என்னும் நிரல் நீளுமாயின், வதந்திக்கு இடம் குறையும்.