மின்சாரம் நின்றாலும் மருந்து நிற்கலாகாது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. மருங்காபுரியை அடுத்துள்ள புதுக்கோட்டை மாவட்டத்திலும் காவிரிப் படுகை மாவட்டங்களிலும் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாட்கள் பல ஆயின. காற்று சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்வோர், வீட்டில் ஆக்சிஜன் பெறுவோர், டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஆகியோருக்கு இடர் அதன் பின்னரே தொடங்குகிறது.

எனவே, நோயாளி உள்ள வீட்டில் முன்னேற்பாடு என்பதற்கு நாங்கள் கொள்ளும் பொருள் ஒன்றே: மின்சாரமும் கடையும் சாலையும் ஒரு வாரம் இல்லாவிடினும் சிகிச்சை தடைப்படலாகாது. திருச்சி, ஸ்ரீரங்கம் போன்ற நகர்ப்பகுதி வீடுகளுக்கும் இது பொருந்தும்.

மாத்திரைகள்

மாத்திரை தீர்ந்தபின் கடைக்குச் செல்லும் வழக்கத்தை மாற்றுங்கள். ஏழு நாள் மருந்து கையிருப்பில் இருக்கும்போதே அடுத்த மாதத்திற்கு உரியதை வாங்கி, பழையதை முதலில் பயன்படுத்துங்கள். வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, இதயத்துக்கான பீட்டா பிளாக்கர் ஆகியவற்றைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்சுலின்

பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பி, 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் கெடாது. ஆகவே மின்வெட்டு நேர்ந்தவுடன் அதை எறிந்துவிட வேண்டா. பெரிய மண்பானையில் ஈரமணல் இட்டு, அதனுள் சிறு பானையைப் பதித்து, பிளாஸ்டிக் உறையிலிட்ட குப்பியை அதில் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். பனிக்கட்டியின்மேல் நேரடியாக வைக்கலாகாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது.

ஆக்சிஜன்

ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் மின்சாரம் இன்றி இயங்காது. மாற்றாக ஒரு சிலிண்டர் தேவை. அது எத்தனை மணி நேரம் வரும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 1,500 லிட்டர் கொண்ட சிலிண்டர், நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் ஏறக்குறைய 12 மணி நேரமே வரும். அதற்குள் மருத்துவமனையை அடைய வழி தேட வேண்டும். அவ்வறையில் மெழுகுவத்தியோ விளக்கோ ஏற்றலாகாது.

டயாலிசிஸ்

ஒரு முறை தவறும் நிலை வந்தால், உடனே உங்கள் டயாலிசிஸ் பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள். அதுவரை தண்ணீரையும் உப்பையும் மேலும் குறையுங்கள். இளநீர், வாழைப்பழம், பழச்சாறு ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. அன்போடு அளிக்கப்பட்டாலும் அவற்றை உண்ணலாகாது. மூச்சுத்திணறலோ கடும் தளர்ச்சியோ தோன்றினால் காத்திராதீர்கள்.

ஒரு தாள்

நோயின் பெயர், மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, இரத்த வகை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, காப்பீட்டு அட்டையின் நகலோடு பிளாஸ்டிக் உறையில் இடுங்கள். அதன் படம் இருவர் கைப்பேசியிலாவது இருக்கட்டும். ஆம்புலன்சுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்னும் எண்களையும் அதில் குறியுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு ஞாயிறன்று குடும்பத்தார் கூடி அமர்ந்து, இன்றிரவு மின்சாரம் நின்று ஒரு வாரம் வாராவிடில் நம் வீட்டில் எது முதலில் தீரும் என்று கணக்கிடுங்கள். அந்த விடையை அடுத்த முறை வரும்போது எங்களிடம் கூறுங்கள். அதற்கேற்ப மருந்துச் சீட்டை எழுதித் தருவோம்.