கல்லைப் புரட்டத் தெரிந்தவருக்கு வேலை உண்டு

முழங்காலளவு ஓடும் மலையோடையில் இறங்கி, உள்ளங்கை அகலக் கல் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். தட்டையான உடலும் மெல்லிய வால் இழைகளும் கொண்ட சிறு பூச்சி ஒன்று நண்டுபோல் பக்கவாட்டில் நழுவி ஓடினால் அது மேஃபிளையின் இளம்பருவம். பக்கத்துக் கல்லில் இரண்டே வால்களோடு ஒரு பூச்சி ஊர்ந்தால் அது ஸ்டோன்ஃபிளை. மணலையும் இலைத் துணுக்கையும் ஒட்டிக் கூடு கட்டி, அதற்குள் ஒரு புழு இருந்தால் அது கேடிஸ்ஃபிளை. இந்த மூன்று கூட்டமும் ஒரே இடத்தில் செழித்திருந்தால், அந்த ஓடைக்குப் பல மாதங்களாகப் பெரிய கேடு எதுவும் வரவில்லை என்று துணிந்து எழுதலாம். கல்லைப் புரட்டினால் சிவப்பு நிறப் புழுக்கள் மட்டும் நெளிகின்றன என்றால், மேலே எங்கோ சாக்கடை கலக்கிறது என்று தேடப் புறப்பட வேண்டும். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்க உதவும் ஹீமோகுளோபின்தான் அந்தப் புழுக்களுக்குச் சிவப்பைத் தருகிறது.

நன்னீர் ஓடைகளின் உடல்நலத்தைக் கண்காணிப்பது ஒரு தொழில். விலங்கியல், தாவரவியல், வேதியியல், சுற்றுச்சூழல் அறிவியல், சுற்றுச்சூழல் பொறியியல் என எதைப் படித்தவர்களும் இதற்குள் வரலாம். ஆனால் கல்லூரியை முடித்து வருகிறவர்களில் பெரும்பாலோர் கருவியைத்தான் நம்புகிறார்கள். ஓடையைப் பார்க்கப் பழகியவர்கள் குறைவு. இந்தத் துறையில் உங்களைத் தனித்துக் காட்டப்போவது அந்தப் பழக்கம்தான்.

கருவி அந்த நிமிடத்தைச் சொல்லும்

கருவி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துதிறன், கலங்கல், கரைந்த ஆக்சிஜன் ஆகிய ஐந்தையும் களத்திலேயே அளக்கக் கைப்பழக்கம் வேண்டும். கரைந்த ஆக்சிஜனுக்கு விங்க்ளர் முறையைக் கையால் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். பாட்டிலில் காற்றுக்குமிழி சிக்காமல் நீர் பிடித்து, கரையில் நின்றபடியே மருந்துகளை விட்டு ஆக்சிஜனை நிலைநிறுத்த வேண்டும். ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கொண்டுபோனால் வழியிலேயே அளவு மாறிவிடும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், குளிப்பதற்கு ஏற்ற நீரில் லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும், பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு எண்களும் மனப்பாடமாக இருக்கட்டும். பி.ஓ.டி. சோதனை இந்தியாவில் 27 டிகிரியில் 3 நாள் வைத்துச் செய்யப்படுகிறது. 20 டிகிரியில் 5 நாள் என்று வெளிநாட்டுப் பாடநூலில் படித்துவிட்டு நேர்காணலில் தடுமாறியவர்கள் உண்டு.

இனி எச்சரிக்கை. பாசி மண்டிய நீரில் நண்பகலில் ஆக்சிஜனை அளந்தால் எண் அழகாக இருக்கும், ஏனென்றால் வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடுகிறது. இரவு முழுக்க அதே பாசி ஆக்சிஜனை உறிஞ்சும். மீன் மூச்சுத் திணறுவது விடியற்காலையில்; நாம் ஜீப்பில் போய் இறங்குவதோ பதினோரு மணிக்கு. ஓடையிலேயே கிடக்கும் பூச்சி அந்த விடியலையும் பார்த்திருக்கிறது, போன வாரம் நள்ளிரவில் யாரோ திறந்துவிட்ட கழிவையும் பார்த்திருக்கிறது. அதனால்தான் உயிரினங்களைக் கொண்டு நீரை மதிப்பிடும் முறை உலகெங்கும் வேரூன்றியது.

பூச்சியும் பி.ஓ.டி.யும் போதாத இடங்கள் உண்டு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யலை எடுத்துக்கொள்ளுங்கள். சாயப்பட்டறைக் கழிவின் பெரிய சுமை உப்பு. பி.ஓ.டி.யை மட்டும் பார்த்தால் அது தெரியவே தெரியாது. மின்கடத்துதிறன் மீட்டர் நீரில் தொட்டவுடன் காட்டிக்கொடுத்துவிடும். கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாத அமைப்பு வரும்வரை சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான இத்தகைய அளவீடுகள் இருக்கின்றன. எந்த ஓடைக்கு எந்தக் கேள்வி என்று முதலில் முடிவு செய்யுங்கள். கருவிப் பெட்டியை அதற்குப் பிறகு திறக்கலாம்.

வலை, தட்டு, பென்சில்

களத்துக்குத் தேவையானவை விலை குறைந்தவைதான். அரை மில்லிமீட்டர் கண்ணியுள்ள கைவலை, வெள்ளைத் தட்டு, இடுக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 70 சதவீத ஆல்கஹால் ஊற்றிய சிறு குப்பிகள். வலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதற்கு மேல்புறம் உள்ள கற்களைக் காலால் கிளறினால் உயிரினங்கள் அடித்துவரப்பட்டு வலையில் சேரும். எல்லா இடத்திலும் ஒரே நேர அளவு கிளற வேண்டும். பிரிட்டனில் 3 நிமிடம் வழக்கம். கீழிருந்து மேல்நோக்கி நடந்தபடி மாதிரி எடுங்கள். மேலிருந்து வந்தால் உங்கள் கால் கலக்கிய நீரே அடுத்த இடத்தின் மாதிரியைக் கெடுத்துவிடும்.

குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். இடம், நாள், அட்சரேகை தீர்க்கரேகை, எடுத்தவர் பெயர் ஆகிய நான்கும் இல்லாத குப்பி குப்பைக்குச் சமம். ஒரு பருவத்து உழைப்பு முழுவதையும் இந்த ஒரு சோம்பலில் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

அடையாளம் காணத் தொடக்கத்தில் இனம்வரை போக வேண்டாம். குடும்பம்வரை போனாலே போதும். பிரிட்டனில் 1976-இல் அமைந்த ஒரு குழு உருவாக்கிய பி.எம்.டபிள்யூ.பி. முறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊருக்கு மேலே ஓடையில் பெர்லிடே 10, ஹெப்டஜெனிடே 10, லெப்டோஃபிளெபிடே 10, கோம்ஃபிடே தும்பி 8, ஹைட்ரோசைக்கிடே 5, பீட்டிடே 4 என ஆறு குடும்பங்கள் கிடைக்கின்றன. மொத்தம் 47, சராசரி 7.8. ஊரைத் தாண்டியதும் பீட்டிடே 4, ஃபைசிடே நத்தை 3, கைரோனோமிடே 2, மண்புழு இனத்துச் சேற்றுப்புழு 1 ஆகிய நான்குதான். மொத்தம் 10, சராசரி 2.5. இந்த இரண்டு சராசரிகளையும் வைத்துக்கொண்டு ஊராட்சித் தலைவரிடம் தயங்காமல் பேசலாம். மத்திய வாரியமும் இதே வழியில் 0 முதல் 10 வரை ஓர் அளவுகோல் வைத்து, நீரை ஏ முதல் இ வரை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. பிரிட்டிஷ் பட்டியலை அப்படியே எடுத்தாளாதீர்கள். நம் ஓடைகளில் உள்ள சில குடும்பங்கள் அதில் இல்லை.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது ஒப்பீட்டில்தான். பொதிகை மலையின் குளிர்ந்த ஓடையையும் சமவெளியில் மெல்ல நகரும் வாய்க்காலையும் அருகருகே வைத்து, இரண்டாவது கெட்டுவிட்டது என்று எழுதுவது தவறு. சமவெளி நீரில் சூடு அதிகம், கல் குறைவு. மதிப்பெண் இயல்பாகவே இறங்கும். அதே வகை நிலத்தில், அதே உயரத்தில், மனிதக் கை அதிகம் படாத ஓர் இடத்தைத் தேடிப்பிடித்து அதோடு ஒப்பிடுங்கள். வெள்ளம் வந்து போன மறுநாளும் மாதிரி எடுக்காதீர்கள். பூச்சிகள் அடித்துப்போயிருக்கும், பழியைத் தொழிற்சாலைமேல் போட்டுவிடுவீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடை தெளியும் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம்.

யார் வேலை தருகிறார்கள்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள்தான் நிலையான இடம். தமிழ்நாடு வாரியம் 1982 முதல் இயங்குகிறது. உதவிப் பொறியாளர், சுற்றுச்சூழல் விஞ்ஞானி ஆகிய பணியிடங்களுக்கு அறிவிக்கை வருவதைக் கவனித்துக்கொண்டே இருங்கள். மத்திய வாரியத்தில் விஞ்ஞானி-பி, முதுநிலை அறிவியல் உதவியாளர் பணிகள் உண்டு. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்கள் வேதியியல் பட்டதாரிகளை எடுக்கின்றன, ஐ.எஸ். 3025 வரிசைச் சோதனை முறைகளைக் கையால் செய்தவர் என்றால் நேர்காணலில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள் மூன்றாவது வழி. அவற்றுக்கு நீர் மாசுக்கு ஒருவர், சூழலியலுக்கும் பல்லுயிரியத்துக்கும் ஒருவர் என அங்கீகரிக்கப்பட்ட வல்லுநர்கள் தேவை. ஆராய்ச்சிதான் விருப்பம் என்றால் ஆழ்வார்குறிச்சியில் உள்ள ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம், சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம், பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் திட்டப் பணிகளைப் பாருங்கள். மதுரைக் கல்லூரியில் நீர்ப்பூச்சி ஆய்வுக்கென்றே ஒரு மையம் வளர்ந்தது. மேஃபிளை பற்றி அங்கிருந்து வந்த கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். திட்டப் பணி என்றால் நிதி முடிந்ததும் வேலையும் முடியும். இதை வீட்டில் முன்பே சொல்லிவிட்டுச் சேருங்கள். காத்திருக்கும் காலத்தில் நெட், கேட் தேர்வுகளுக்குப் படிக்கலாம். ஆர் நிரல்மொழியையும் கியூ.ஜி.ஐ.எஸ். வரைபட மென்பொருளையும் கற்கலாம், இரண்டும் இலவசம்.

கை சுத்தம்

ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்த சில மாதங்களிலேயே ஒரு சோதனை வரும். தாக்க மதிப்பீட்டுக்கு வழக்கமாக மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவு போதும். மழையில் மட்டும் ஓடும் ஓடை அந்த அறிக்கையில் "வறண்ட பள்ளம்" ஆகிவிடுகிறது. அங்கே மழைக்காலத்தில் என்ன ஓடுகிறது, எந்த மீன் ஏறுகிறது என்று கேட்டு எழுதுங்கள். "போன வருஷத்து எண்ணையே கொஞ்சம் மாத்திப் போட்டுடு தம்பி" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். போகாத இடத்துக்கு எண் எழுதியவரின் பெயர் இந்தச் சின்ன வட்டத்தில் சீக்கிரமே பரவிவிடும். அந்த எண்ணை நம்பிக் கீழே ஒரு கிராமம் தண்ணீர் குடிக்கிறது.

சட்டத்தையும் அறிந்திருங்கள். நீங்கள் ஆர்வத்தில் எடுத்த மாதிரி விழிப்புணர்வுக்கு உதவும். வழக்கில் அதற்கு அதே எடை கிடைக்காது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, வாரிய அதிகாரியோ அதிகாரம் பெற்றவரோ அங்கேயே அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டுக் கையெழுத்திட வேண்டும். காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு புழுவைக்கூட எடுக்காதீர்கள்.

தனியே ஓடையில் இறங்காதீர்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மலையில் மழை என்று அர்த்தம். வலையைப் போட்டுவிட்டுக் கரை ஏறிவிடுங்கள்.

கரையில் இருப்பவர்களோடு பேசுங்கள். தென்காசிப் பக்கம் மாடு குளிப்பாட்டும் பெரியவரிடம், "அண்ணாச்சி, இந்த ஓடைல முன்ன என்னென்ன மீன் கெடந்துச்சு?" என்று கேட்டால், அயிரை எந்த வருஷத்தோடு நின்றது என்பதுவரை சொல்வார். அதைத் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிவை அவரிடம் தமிழில் திரும்பச் சொல்லுங்கள். பலர் இதைச் செய்வதில்லை.

வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் உங்கள் ஊருக்குப் பக்கத்து ஓடை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் என்று வைத்து, ஓராண்டு மாதம் ஒருமுறை போய்வாருங்கள். அந்தப் பன்னிரண்டு பக்கங்களை நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள். புரட்டிய கல்லை மட்டும் எடுத்த இடத்திலேயே, முன்பு அடியில் இருந்த பக்கமே கீழாக வைத்துவிட்டு வாருங்கள். அதன் அடியில் உயிர்கள் குடியிருக்கின்றன.