ஈரல் வளரும் விதம்

தமிழ்த்துறை மலரில் கல்லீரலைப் பற்றிய கட்டுரையா எனச் சிலர் வியக்கக்கூடும். நூம்பலிலிருந்து வரும் நம் மாணவர் ஒருவர், நோயுற்ற தந்தைக்குத் தம் கல்லீரலில் ஒரு பகுதியை அளிக்க முன்வந்தார். "வெட்டிக் கொடுத்தது மறுபடி வளருமா? ஈரக்குலை நடுங்குகிறதே!" என்றார் அவருடைய தாயார். அவ்வினாவுக்கு விடை தேட முற்பட்டோம்.

1931ஆம் ஆண்டில் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றினர். வெட்டிய மடல் மீண்டும் முளைக்கவில்லை. எஞ்சிய மடல்களே பெருத்து, சில வாரங்களுக்குள் இழந்த எடையை ஈடுசெய்தன. அவ்வாறு பெருகுமாறு உயிரணுக்களை ஏவியது எது?

விடை ஆய்வுக்கூடத் தட்டில் கிடைத்தது. கொலாஜினேஸ் என்னும் நொதியால் கல்லீரல் உயிரணுக்களைத் தனித்தனியே பிரித்து, ஊட்டநீரில் இட்டு வளர்த்தனர். உணவு மட்டும் பெற்ற உயிரணுக்கள் வாழ்ந்தனவேயன்றிப் பெருகவில்லை. ஸ்டான்லி கோஹன் கண்டறிந்து, 1986இல் நோபல் பரிசில் பங்குபெறக் காரணமான மேற்தோல் வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தபோது அவை பெருகத் தலைப்பட்டன. 1984இல் ஜப்பானியரான நகமுரா குழுவினர், கல்லீரல் வெட்டப்பட்ட எலியின் குருதிநீரிலிருந்து மற்றொரு காரணியைப் பிரித்தனர். அதுவே கல்லீரல் உயிரணு வளர்ச்சிக் காரணி எனப் பெயர் பெற்றது.

இக்காரணி உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள 'மெட்' என்னும் ஏற்பியைப் பற்றுகிறது. பூட்டில் சாவி பொருந்தியதும் செய்தி உள்ளே உட்கருவரை செல்கிறது; மரபுப்பொருள் இரட்டிக்கிறது; ஓர் உயிரணு இரண்டாகிறது. இக்காரணியைப் பெரிதும் சுரப்பவை கல்லீரலின் முதன்மை உயிரணுக்கள் அல்ல. அவற்றையடுத்து வாழும் வேறுவகை உயிரணுக்களே!

ஏவுவது போன்றே தடுப்பதும் இன்றியமையாதது. உருமாற்ற வளர்ச்சிக் காரணி-பீட்டா பெருக்கத்திற்கு அணையிடுகிறது. இத்தகைய கட்டுப்பாடுகள் குலைந்தால் புற்றுநோய் தோன்றக்கூடும். மேலும், தட்டில் வளரும் முதிர்ந்த உயிரணுக்கள் நெடுநாள் பெருகுவதில்லை. தம் தொழிலையும் விரைவில் மறந்துவிடுகின்றன.

இத்தடை நீங்கின் பயன் பெரிது. ஐதராபாத்து மருத்துவர் ஹபீபுல்லா குழுவினர், திடீரெனக் கல்லீரல் செயலிழந்த நோயாளருக்குக் கருவின் கல்லீரல் உயிரணுக்களைச் செலுத்திய முயற்சியை 1994இல் வெளியிட்டனர். போதிய உயிரணுக்களை ஆய்வுக்கூடத்திலேயே பெருக்க இயன்றால் இத்தகைய மருத்துவம் பரவும். ஈரலுக்காகக் காத்திருப்போர் துயர் குறையும்.

அத்தாயாருக்கு நாம் கூறிய விடை இதுவே: "வளரும், அம்மா. எஞ்சிய ஈரல் சில மாதங்களில் பெரும்பாலும் பழைய அளவை எட்டும். ஆயினும் அறுவையில் இடர் இல்லாமல் இல்லை. மகனைச் சோதித்த மருத்துவர் சொல்லைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்." அறியாமையால் பிறக்கும் அச்சத்தை அகற்றுவதும், அறிந்தபின் எஞ்சும் அச்சத்தை மதிப்பதும் கல்வியின் கடமை. அக்கடமைக்குத் தமிழ் துணைநிற்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.