பதவி உயர்வை ஏற்குமுன் பார்க்க வேண்டிய கணக்கு

மத்திய அரசு ஊழியர் ஒருவர் பதவி உயர்வை ஏற்குமுன், மாதந்தோறும் கைக்கு வரும் தொகை எவ்வளவு கூடும் என்பதைச் சம்பளப் பட்டியலை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணைப்படி, 6-ஆம் நிலையில் 53,600 ரூபாய் அடிப்படை ஊதியம் பெறுபவர் 7-ஆம் நிலைக்கு உயரும்போது, முதலில் ஓர் ஆண்டு ஊதிய உயர்வு சேர்க்கப்பட்டு, அதற்குச் சமமான அல்லது அடுத்த கட்டத்தில் ஊதியம் நிர்ணயிக்கப்படுவதால், அது 55,200 ஆகிறது. கூடுவது 1,600 ரூபாயும் அதற்குரிய படிகளும் மட்டுமே. உயர்வோடு சென்னையிலிருந்து சிற்றூருக்கு இடமாற்றமும் வந்தால், வீட்டு வாடகைப்படி, 2024 முதலான விகிதப்படி, 30 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகச் சுருங்கி, 16,080 ரூபாய் 5,520 ஆகிவிடும். (சிற்றூரில் வாடகை குறைவுதான், ஆனால் பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் சென்னையிலேயே தங்கினால் வாடகை இரண்டு.)

எம்.ஏ.சி.பி., அதாவது பதவி உயர்வு கிட்டாதவர்களுக்கு 10, 20, 30 ஆண்டுப் பணிக்குப்பின் அளிக்கப்படும் ஊதிய நிலை உயர்வு, ஏற்கெனவே 7-ஆம் நிலையைத் தந்திருப்பின், அதே நிலைக்கான பதவி உயர்வில் ஊதியம் மீண்டும் நிர்ணயிக்கப்படுவதில்லை. பொறுப்பு மட்டுமே கூடும்.

மறுப்பதிலும் இழப்பு உண்டு: பொதுவாக ஓராண்டுக்கு மறுவாய்ப்பு வராது, இளையவர்கள் பணிமூப்பில் முந்துவர், எம்.ஏ.சி.பி. தகுதி பெறுமுன்பே மறுத்தவர் அந்தப் பலனையும் இழக்க நேரும். ஏற்பவரோ, ஊதியத்தைப் பதவி உயர்வு நாளிலிருந்தா, அடுத்த ஆண்டு ஊதிய உயர்வு நாளிலிருந்தா நிர்ணயிக்க வேண்டும் என்ற விருப்பத்தை ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும்.