ஜிம்னிக்குப் பெரிய டயர்: தார் ரோட்டில் என்ன மாறும்?

ஜிம்னி வாங்குபவர்களில் பலர் முதல் சர்வீஸ் முடிவதற்குள் டயர் கடைக்குப் போய்விடுகிறார்கள். கம்பெனி தரும் 195/80 ஆர்15 டயர் அந்த வண்டிக்கு ஒல்லியாகத்தான் தெரியும். 235/75 ஆர்15 போட்டதும் வண்டியின் தோரணையே மாறிவிடும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பு வழிகளுக்காகவும் வால்பாறைக்கு அடிக்கடி போவதற்காகவும் நானும் அந்த அளவைத்தான் போட்டிருக்கிறேன். அதற்கு முன் கொஞ்ச காலம் 215/75 ஆர்15 ஓட்டினேன். சேற்றிலும் பாறையிலும் பெரிய டயர் என்ன செய்யும் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நம் ஓட்டத்தில் பெரும்பகுதி தார் ரோட்டில்தான். அங்கே என்ன ஆகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டு பணத்தைக் கட்டுவது நல்லது.

அளவுக் கணக்கு எளிது. அகலம் 235 மி.மீ. அதில் 75 சதவீதம், அதாவது 176 மி.மீ., சைடுவால் உயரம். அதை இரண்டால் பெருக்கி, 15 அங்குல ரிம்முக்கு 381 மி.மீ. கூட்டினால் மொத்த விட்டம் சுமார் 733 மி.மீ. கம்பெனி டயருக்கு இதே கணக்கு 693-இல் நிற்கும். வித்தியாசம் 40, அதில் பாதிதான் வண்டியை உயர்த்தும். 20 மி.மீ. உயரத்துக்காக நாம் எதையெல்லாம் மாற்றுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

மீட்டரும் மாறிவிடும். முன்பு 80 காட்டியபோது போன வேகத்தைவிட இப்போது அதே 80-இல் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுதலாகப் போகிறோம். கிலோமீட்டர் கணக்கும் அதே அளவுக்குக் குறைவாகவே ஏறும். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் 14-இலிருந்து 12-க்கு விழுந்துவிட்டது என்று நண்பர்கள் புலம்பும்போது, அந்த 12-ஐ 1.06-ஆல் பெருக்கச் சொல்வேன். ஏறக்குறைய 12.7 வரும். விழுந்தது உண்மைதான், ஆனால் பயந்த அளவுக்கு இல்லை.

இனி சவாரிக்கு வருவோம். பெரிய டயர் என்றாலே தூக்கித் தூக்கிப் போடும் என்று பொதுவாகச் சொல்வது சரியில்லை. விட்டம் கூடினால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கும் ஆழம் குறைகிறது. சைடுவால் உயர்ந்தால் கூரான விளிம்புகளின் அடியை ரப்பர் வாங்கிக்கொள்கிறது. ஆகவே பெயர்ந்துபோன ஊராட்சிச் சாலையிலும், நெடுஞ்சாலையில் வரிசையாகப் போட்டிருக்கும் மஞ்சள் பட்டைகளிலும் என் வண்டி முன்பைவிட மென்மையாகவே போகிறது. சிக்கல் வழுவழுப்பான ரோட்டில்தான் தெரிகிறது. பாலத்து இணைப்பைத் தாண்டியதும் முதல் அடி லேசாக இருக்கும். அதன் பிறகு சக்கரம் ஒரு முறைக்கு இரண்டு முறை துள்ளி அடங்கும். கம்பெனி ஷாக் அப்சார்பரை இளைத்த டயருக்காக அளந்து வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை ஒவ்வொரு மூலையிலும் ஐந்தாறு கிலோ கூடினால் அதை அடக்க அந்த ஷாக்கால் முடிவதில்லை. மொத்தமே 1,200 கிலோ அளவுள்ள வண்டி என்பதால் ஜிம்னியில் இது பளிச்சென்று தெரியும். அதே டயரை இரண்டு டன் வண்டியில் போட்டால் இந்த அளவுக்கு உறைக்காது.

அதனால் கடைக்குப் போனால் டயரின் உயரத்தைவிட அதன் எடையைத்தான் நான் முதலில் கேட்பேன். ஒரே 235/75 ஆர்15 அளவிலேயே கார் வகையும் உண்டு, எல்.டி. எனப்படும் சிறு லாரி வகையும் உண்டு. எல்.டி. டயரில் சைடுவால் தடிமன். கல் குத்தாது, ஆனால் வளையவும் வளையாது. பெரும்பாலும் தார் ரோட்டில் ஓடும் ஜிம்னிக்கு அது தேவையே இல்லை என்பது என் முடிவு. நான் எல்.டி.யில் இருப்பது தோப்புக்குள் கிடக்கும் வெட்டுக்கட்டைகளுக்காக மட்டும்தான்.

எல்.டி. போட்டவர்களில் பலருக்குச் சவாரியைக் கெடுப்பது டயர்கூட அல்ல, அதற்குள் இருக்கும் காற்று. கடைப் பையன் சைடுவாலைப் பார்த்ததுமே, “ஏனுங்ண்ணா, நாப்பது புடிச்சிரலாங்களா?” என்று கேட்பான். அவன்மேல் தப்பில்லை, சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு அவன் அப்படித்தான் பிடித்துப் பழகியிருக்கிறான். ஆனால் என் டயரில் பொறித்திருக்கும் 104 என்ற சுமைக் குறியீட்டுக்கு ஒரு டயர் 900 கிலோ தாங்கும் என்று பொருள். ஆட்களும் சாமானும் ஏறினாலும் ஜிம்னியின் மொத்த எடை 1,545 கிலோவைத் தாண்டக் கூடாது. நான்கு டயருக்கு இது ஒரு சுமையே அல்ல. நாற்பது பிடித்தால் நடுப் பட்டை மட்டும் தரையைத் தொடும். ஒவ்வொரு கல்லும் இடுப்பில் தெரியும். மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதும். சமதளமான தார் ரோட்டில் வண்டியை நிறுத்தி, டயரின் ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை குறுக்கே தடிமனாக ஒரு கோடு போடுங்கள். ஸ்டீரிங்கைத் திருப்பாமல் நேராக ஐம்பது மீட்டர் ஓட்டி இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்து இரு ஓரத்திலும் வெள்ளை மிச்சம் இருந்தால் காற்று அதிகம். ஓரம் அழிந்து நடுவில் நின்றால் குறைவு. இரண்டிரண்டு பி.எஸ்.ஐ.யாக இறக்கி, கோடு முழு அகலத்துக்கும் ஒரே சீராக அழியும் இடத்தைப் பிடியுங்கள். முன் பின் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எனக்கு 26-க்கும் 28-க்கும் இடையில் அமைந்தது. குடும்பத்தோடு சாமான் ஏற்றிப் போகும்போது மூன்று நான்கு கூட்டிக்கொள்வேன். இதை வெயில் ஏறுமுன், வண்டி ஓடாத நிலையில் அளக்க வேண்டும். ஒரு மணி நேர நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பின் மறுபடி அளந்து, நான்கு பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூடியிருந்தால் சரி. ஆறு ஏழு என்று தாவியிருந்தால் டயர் அதிகமாக மடங்கிச் சூடாகிறது. காலையில் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பிடிக்க வேண்டும்.

ஸ்டீரிங் விஷயத்தில் ஜிம்னிக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் ஒரே திட அச்சு என்பதால் ஒரு சக்கரத்தின் ஆட்டம் மறு சக்கரத்துக்கும் போகும். 70, 80-இல் ஸ்டீரிங் நடுங்கினால் முதலில் பேலன்சிங் பாருங்கள். ரிம்மில் ஈயக்கட்டி சரம்போல ஒட்ட வேண்டியிருந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். காற்றை இறக்கி, டயரை ரிம்மின் மேல் அரைச் சுற்று திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் பாதி ஈயம் போதுமானதாகிவிடும். அதற்கும் நிற்காவிட்டால் கிங்பின் பேரிங், டை ராடு எண்டு, குறுக்குத் தண்டின் புஷ் ஆகியவற்றில் தேய்மானம் இருக்கும். புது ஸ்டீரிங் டேம்பர் போட்டால் போதும் என்று சொல்வார்கள். அது நடுக்கத்தை மறைக்கும், தேய்மானத்தைச் சரிசெய்யாது. 235 போட்டால் முழுவதும் ஒடிக்கும்போது உரசும் என்று வண்டியைத் தூக்கவும் செய்வோம். தூக்கினால் காஸ்டர் கோணம் குறைந்து, வளைவு முடிந்தபின் ஸ்டீரிங் தானாக நேருக்கு வராது. அந்தக் கோணத்தைச் சரிசெய்யும் காஸ்டர் புஷ் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

மலையில் இறங்கும்போதுதான் எனக்கு உண்மையான கவலை. வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி. சக்கரம் பெரிதானால் பிரேக்குக்கு 6 சதவீதம் கூடுதல் வேலை. இன்ஜின் பிடிப்பும் அதே அளவு குறைகிறது. முன்பு மூன்றாவது கியரில் இறங்கிய சரிவுகளில் இப்போது இரண்டாவதில் இறங்குகிறேன். ஏற்றத்திலும் 134 நியூட்டன் மீட்டர் இழுவைதான் நம் கையிருப்பு. நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். கியர் ஏறுவதும் இறங்குவதுமாகத் தவிக்கும்.

பூக்கட்டைப் பொறுத்தவரை, சேற்று டயர் எனப்படும் எம்.டி.யை அன்றாட வண்டிக்கு வேண்டாம் என்றே சொல்வேன். பெரிய கட்டைகள், குறைந்த வெட்டுகள். ஐப்பசி மழையில் நனைந்த தாரில் பிடிப்பு குறைவு, அறுபதுக்கு மேல் ஓயாத ரீங்காரம். எல்லா வழிக்கும் பொதுவான ஏ.டி. வகை போதும். வருஷத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு 215/75 ஆர்15 ஏ.டி.யைத்தான் சிபாரிசு செய்வேன். மீட்டர் வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான், வண்டியைத் தூக்க வேண்டியதில்லை, சவாரி கம்பெனி டயருக்குப் பக்கத்திலேயே நிற்கும். எந்த அளவுக்கு மாறினாலும் சட்டத்தையும் மனதில் வையுங்கள்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களோடு ஒத்துப்போகாத மாற்றங்களைத் தடுக்கிறது. மாற்றுமுன் காப்பீட்டு நிறுவனத்திடமும் பேசிவிடுங்கள்.

வாங்கினால் ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னியை மட்டும் பழைய 195-ஆகவே விட்டுவைக்கும் வழக்கம் இருக்கிறது. ஜிம்னியின் நான்கு சக்கர ஓட்டத்தில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். நடுவில் வேறுபாட்டை விழுங்க டிஃபரன்ஷியல் கிடையாது. காட்டுக்குள் பஞ்சராகி, வேறு விட்டமுள்ள சக்கரத்தை மாட்டி 4எச் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் திணறும். பின்கதவில் தொங்கும் பெரிய ஸ்டெப்னியின் எடை கீல்களைச் சோதிக்கும். கதவு கடகடவென்று ஆட ஆரம்பித்தால் கீல் போல்ட்டுகளையும் ரப்பர் தாங்கிகளையும் இறுக்கிவிடுங்கள். டயர்களை இடம் மாற்றும்போது அந்த ஐந்தாவதையும் சுழற்சியில் சேர்த்தால் ஐந்தும் ஒன்றாகத் தேயும்.