மலையூரில் விளையாட்டுக் கணினி அமைத்தல்

விளையாட்டிற்கெனக் கணினியொன்றைத் தம் கையாலேயே அமைக்க விழையும் மாணவர் நம்மிற் பலர். பெற்றோர் உழைத்தீட்டிய பொருள் இதிற் செல்வதால், உறுப்புகளை ஆராய்ந்து கொள்ளுதல் நம் கடமையாகும்.

முதலாவது, பொருத்தம். காட்சிகளைத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. ஆதலின் செலவிற் பெரும்பங்கு அதற்குரியது. எனினும் செயலி வலிவற்றதாயின் அக்கார்டு வாளாவிருக்கும். நொடிக்கு 60 படங்களே காட்டுந் திரைக்கு, 144 படங்கள் தரவல்ல கார்டு வீண் செலவே. செயலிக்கேற்ற சாக்கெட் இல்லாத மதர்போர்டு, விலை மலிவாயினும் பயனற்றது.

இரண்டாவது, இடம். கோடைக்கானல் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ளது. குளிர்ந்த ஊராதலின் கணினி சூடேறாதென்று எண்ணுகிறோம். ஆயின் அங்குக் காற்றின் அடர்த்தி கடற்கரையினும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்திற் சுழலினும் அள்ளிச்செல்லும் வெப்பம் குறைகின்றது. வெளிக்குளிர் இதனை ஈடுசெய்யும். சன்னலடைத்துச் சூடேற்றிய அறையில் அவ்வுதவியும் இல்லை. ஆகவே காற்றோட்டமுள்ள பெட்டியும் பெரிய விசிறியும் வேண்டும். மூடுபனி நுழையும் சன்னலோரத்தில் அதனை வைத்தலாகாது.

மூன்றாவது, மின்சாரம். உறுப்புகள் யாவும் 350 வாட் கொள்ளுமாயின், 550 வாட் பவர் சப்ளை தக்கது. இடிமின்னற் காலத்தில் இணைப்பைக் கழற்றிவிடுதல் நன்று.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பர் நம் முன்னோர். இக்கருவியிடத்தும் அதனைக் கற்போமாக.